விழாமலே முறியும் முதுகெலும்பு

கீழே விழவில்லை, எவரும் மோதவில்லை. ஆயினும் மகனின் முதுகெலும்பில் முறிவு உள்ளதென அறிக்கை கூறும்போது பெற்றோர் திகைக்கின்றனர். விளையாடும் பிள்ளைகளுக்கு இவ்வாறு நேர்வது உண்டு. இதனைத் தளர்ச்சி முறிவு என்கிறோம்.

தமிழகத்தின் வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜியை வாசகர்கள் அறிவர். 2004ஆம் ஆண்டு ராவல்பிண்டி டெஸ்டில் 7 விக்கெட்டுகள் வீழ்த்தி, பாகிஸ்தான் மண்ணில் இந்தியா முதன்முறையாகத் தொடரை வெல்லத் துணைநின்றவர். அப்போது அவருக்கு வயது 22. அடுத்த ஆண்டிற்குப் பின் அவர் டெஸ்ட் ஆடவேயில்லை. முதுகில் ஏற்பட்ட தளர்ச்சி முறிவு அவரைச் சில ஆண்டுகள் களத்திலிருந்து விலக்கிவைத்தது. அவர் ஆடிய டெஸ்டுகள் மொத்தம் 8 மட்டுமே.

இம்முறிவு எவ்வாறு உண்டாகிறது? பந்தை விடும் கணத்தில் வீச்சாளரின் இடுப்பு பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்புகிறது. அதே கணத்தில் முன்கால் தரையில் ஊன்ற, உடல் எடையைப் போலப் பன்மடங்கு விசை மேலேறுகிறது. அவ்விசையைத் தாங்குவது கீழ்முதுகு எலும்பின் பின்புறமுள்ள மெல்லிய பகுதி. அங்கு தோன்றும் நுண்ணிய சேதத்தை உடல் ஓய்வின்போது சரிசெய்துகொள்ளும். ஓய்வின்றி நாள்தோறும் வீசினால் சேதம் விரிசலாகி, பின்னர் முறிவாகும். எலும்பு முழு வலிமை பெறாத வளரிளம் பருவத்தினருக்கே இந்த ஆபத்து மிகுதி.

வலி பெரும்பாலும் கீழ்முதுகின் ஒரு பக்கத்தில் இருக்கும். வலக்கை வீச்சாளருக்கு இடப்பக்கம். பின்னோக்கி வளைந்தால் அதிகரிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். தொடக்கநிலையில் எக்ஸ்ரேயில் புலப்படாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. பரிசோதனை காட்டிவிடும்.

எலும்பு முறிவு என்றதும் எல்லைக்கு அப்பாலுள்ள புத்தூரின் கட்டு நினைவுக்கு வருவது நம் பகுதியின் வழக்கம். கை, கால் போன்று முதுகைக் கட்டி அசைவின்றி நிறுத்த இயலாது. முதுகை அழுத்தி உருவிவிடுவதும் கூடாது. பந்து வீசுவதை முற்றிலும் நிறுத்துவதே முதன்மையான மருத்துவம். சில வாரங்களில் வலி நீங்கிவிடும். ஆனால் எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகலாம். வலி போயிற்றென்று மாத்திரையின் துணையுடன் மீண்டும் களமிறங்குவோருக்கே முறிவு நிலைத்துவிடுகிறது.

திருத்தணி மலையின் 365 படிகளை எவரும் ஒரே தாவலில் ஏறுவதில்லை. மீள்வதும் அவ்வாறே: முதலில் நடை, அடுத்து வயிறு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி, பின்னர் ஓட்டம், இறுதியில் சில பந்துகள். பாலாஜி தம் வீச்சு முறையை மாற்றிக்கொண்டு திரும்பினார். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில், ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். 2009இல் இந்திய அணிக்கும் மீண்டார்.

பெற்றோர் செய்ய வேண்டியது எளிது. பிள்ளை எத்தனை ஓவர் வீசுகிறான் என்று கணக்கு வையுங்கள். பள்ளி அணி, பயிற்சி முகாம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அனைத்தும் அதில் சேர வேண்டும். 13 வயதுக்குட்பட்டோர் தொடர்ந்து 5 ஓவருக்கு மேல் வீசலாகாது என்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதல். முதுகுவலி இரண்டு வாரம் நீடித்தால் வீச்சை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடின்மை, காய்ச்சலுடன் வலி ஆகியவற்றில் எதுவாயினும் காத்திராமல் உடனே வாருங்கள்.

"வலிக்கிறது" என்று பிள்ளை சொல்வதைச் சோம்பலென்று தள்ளிவிடாதீர்கள். இப்பருவத்தில் இழக்கும் சில மாதங்கள், பின்னாளில் பல ஆண்டுகளைக் காக்கும்.