மணிக்கு நாலு மைல்

இங்கிலாந்தில் பழைய கால்வாய்ப் படகு வாங்கப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் சமையல் மேடையைத் தடவிப் பார்க்கிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். திரையை விலக்கி வெளியே வாத்து தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். விற்கிறவருக்கும் இது தெரியும். விளம்பரப் படங்களில் மெத்தை உறைகள் எப்போதும் புதிதாக இருப்பது அதனால்தான். படகின் உண்மையான விலையோ தண்ணீருக்குள் கிடக்கிறது: கட்டிய அன்று 6 மில்லிமீட்டர் தடிமன் இருந்த இரும்புத் தகடு.

நேரோபோட் என்று அங்கே அழைக்கப்படும் இந்தப் படகுகளின் அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 30 அடியும் இருக்கலாம், 70 அடியும் இருக்கலாம். அகலத்தில் மட்டும் பேரம் கிடையாது. பிரிட்ஜ்வாட்டர் பிரபு தன் வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக வெட்டிய கால்வாயில் 1761-இல் படகு ஓடத் தொடங்கியது; நகரத்தில் கரி விலை பாதியாக இறங்கியது. அந்த வேலையில் பேர் வாங்கிய ஜேம்ஸ் பிரிண்ட்லி அடுத்து டிரென்ட் – மெர்சி கால்வாயைக் கையில் எடுத்தார். செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க, லாக்குகளை ஏழடி அகலத்தில் அமைத்தார். லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த நீளமான தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, மதகு வழியே தண்ணீரை ஏற்றினால் படகு மேலே வரும். வடித்தால் கீழே போகும். மேடு பள்ளமான நாட்டில் படகு மலையேறுவது இப்படித்தான். பிரிண்ட்லி அன்று போட்ட அளவுக்குள்தான் இன்றைக்கும் ஒருவர் தன் கட்டிலையும் குளியலறையையும் புத்தக அலமாரியையும் அடக்கியாக வேண்டும்.

ரயில் வந்தது, சரக்கு போயிற்று, 1948-இல் கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962–63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் உறைந்து கிடக்க, மிச்சமிருந்த சுமையில் பெரும்பகுதி லாரிக்கு மாறியது. அதற்கு முன்பே எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் 1939-இல் ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய படகில் மனைவியோடு கிளம்பிச் சுற்றி வந்து, 1944-இல் ‘நேரோ போட்’ என்ற புத்தகமாக எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் என்பவர் ரோல்ட்டுக்குக் கடிதம் போட, இருவரும் சேர்ந்து 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தது தனிக் கதை. ஆனால் மூடப்பட இருந்த பல கால்வாய்கள் உல்லாசப் படகுகளுக்காகப் பிழைத்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 2,000 மைல் நீர்வழியை 2012 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அதில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இருக்கின்றன.

தகடு விஷயத்துக்கு வருவோம். வாங்குவதற்கு முன் படகைத் தண்ணீரிலிருந்து மேலேற்றி ஒரு சர்வேயரிடம் காட்ட வேண்டும். அந்தக் காட்சியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மெத்தை உறை மீதான மோகம் அன்றோடு தீரும். முதலில் உயர் அழுத்தத் தண்ணீர் பாய்ச்சிப் பாசியையும் சிப்பிகளையும் உரிக்கிறார்கள். சேற்று நாற்றம் கிளம்பும். சர்வேயர் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடக்கிறார். சத்தம் மாறும் இடத்தில் நிற்கிறார். கருப்புப் பூச்சை ஒரு காசு அகலத்துக்குச் சுரண்டி, ஜெல் தடவி, மீயொலிக் கருவியின் முனையை அழுத்துகிறார். திரையில் வரும் எண்ணைச் சாக்பீஸால் தகட்டிலேயே எழுதுகிறார்: 5.8, 5.6, 5.7. இரண்டடி தள்ளி, காற்றும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டுக்கு அருகில் 4.9. அங்கே கைவிரலை வைத்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தட்டுப்படும். குழியின் ஆழத்தைத் தனியாக அளந்து கழிக்கிறார். மீதம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் பொதுவாக இன்ஷூரன்ஸ் நிறுவனம் முகம் சுளிக்கும். மேலே வேறு தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லும். அது பல ஆயிரம் பவுண்ட் விஷயம்.

இந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போட வழி பழையதுதான்: தார். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகை மேலேற்றிக் கழுவி, துருவைச் சுரண்டி, இரண்டு மூன்று கை தார்ப்பூச்சு கொடுக்க வேண்டும். எப்பாக்ஸி அடித்தால் அதைவிட நீண்ட காலம் தாங்கும். ஆனால் பழைய தாரை முழுக்க உரித்துப் பளபளக்கும் இரும்பைக் காட்டினால்தான் எப்பாக்ஸி ஒட்டும். பல வருஷம் வைத்திருக்கப் போகும் படகு என்றால் அந்தச் செலவு தகும் என்பது என் கருத்து. மூன்று வருஷத்தில் விற்கப் போகிறவர் தாரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பூச்சோடு வேலை முடியாது. படகின் பக்கவாட்டில் மக்னீசியக் கட்டிகளை வெல்டிங் செய்து வைத்திருப்பார்கள். தண்ணீரில் நடக்கும் மின்வேதி அரிப்பில் இரும்புக்கு முன் மக்னீசியம் கரைந்து இரும்பைக் காக்கும். கடலில் துத்தநாகம் போதும். நன்னீரில் மக்னீசியம்தான் சரி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. படகுத் துறையில் கரை மின்சாரத்தை இணைத்ததும், எர்த் கம்பி வழியாக அங்கே நிற்கும் அத்தனை இரும்புப் படகுகளும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. நடுவே தண்ணீர். ஆக, பக்கத்துப் படகுக்காரர் கட்டி மாற்றாமல் சோம்பியிருந்தால், நீங்கள் காசு கொடுத்து வைத்த மக்னீசியம் அவர் படகைக் காப்பாற்றக் கரையும். இதைத் தடுக்கக் கால்வனிக் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. மொத்தப் படகில் கொடுத்த காசுக்கு இவ்வளவு உழைக்கும் பொருள் வேறு எதுவும் இல்லை. ஆனால் அதை யாரும் புகைப்படம் எடுத்து விளம்பரத்தில் போடுவதில்லை.

படகுகள் மூழ்குவது புயலில் அல்ல. பெரும்பாலும் கட்டி நிற்கும் இடத்தில், சொந்தக்காரர் ஊரில் இல்லாதபோது. எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் தண்டு, படகின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்தத் துளையில் தண்ணீரை நிறுத்துவது கிரீஸ் ஊறிய கயிறு. நம் ஊரில் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்கள் பம்பில் சுற்றுகிற கிளாண்ட் கயிறு இருக்கிறதே, அதேதான். சொட்டு அதிகமானால் நட்டைக் கொஞ்சம் முறுக்க வேண்டும். ரொம்ப முறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் எஞ்சின் அறைப் பலகையைத் தூக்கி, கிரீஸ் நிரப்பிய பித்தளைக் குழாயின் கைப்பிடியைக் கை இறுகும் வரை இரண்டு திருகு திருகினால் கிரீஸ் உள்ளே போய் சொட்டு நின்றுவிடும். அரை நிமிஷ வேலை. குளிரில், இருட்டில், சாப்பாடு தயாராகிவிட்டது என்று உள்ளே இருந்து குரல் வரும்போது இதைச் செய்கிறவர்தான் படகுக்காரர்.

புரொப்பெல்லருக்கு நேர் மேலே இன்னொரு மூடி உண்டு. குப்பை சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மூடியைக் கழற்றி, குளிர்ந்த தண்ணீருக்குள் தோள் வரை கையை விட்டு அறுத்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை, மீன்பிடி நரம்பு, முள்கம்பி, மெத்தை ஸ்பிரிங் என்று நகரத்துக்கு நகரம் அகப்படுவது மாறும். நம் ஆட்கள் நிறைந்த பகுதிகளில் புடவை சுற்றிக்கொள்ளும் என்பது படகுக்காரர்களிடையே பிரசித்தம். ஆறு கஜமும் சுற்றினால் கத்தி தவிர வழியில்லை. மேற்கு லண்டனில் சவுத்ஹாலைத் தாண்டும்போது பூஜைத் தேங்காய்கள் மிதந்து வருவதையும் அவர்கள் பழகிப்போய்ச் சொல்வார்கள். வேலை முடிந்ததும் மூடியைச் சரியாக இறுக்காமல் எஞ்சினைப் போட்டால் புரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே இறைத்துப் படகை மூழ்கடித்துவிடும்.

புதுசாக ஏதாவது மாட்ட வேண்டும் என்ற ஆசை வரும்போது பெரும்பாலும் கைபோவது பேட்டரிக்கு. பழைய ஈய – அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினால் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவும் கிடைக்கும், எடையும் குறைவு. ஆனால் பழையதைக் கழற்றி இதை மாட்டினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. லித்தியம் கொடுக்கிற மின்சாரத்தையெல்லாம் மறுப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும். மெதுவாக ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். முழுச் சுமையைத் தூக்கிச் சூடேறிக் கருகும். நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவும் கூடாது. இங்கிலாந்துக் குளிர்காலத்தில் இது சின்ன விஷயமல்ல. கூரையில் சோலார் பலகை ஜூனில் அள்ளிக் கொடுக்கும். டிசம்பரில் கையை விரிக்கும்.

எண்பதுகளில் கட்டிய படகு என்றால் மரப்பலகைக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது. அப்போது குளிர் தடுக்கப் பாலிஸ்டைரீன் அட்டையைத் திணித்தார்கள். அது பி.வி.சி. வயர்மீது உரசிக்கொண்டே இருந்தால் வயரின் உறையிலுள்ள மென்மைப்பொருள் வெளியேறி, உறை மொறுமொறுத்து உடையும். புது இன்வெர்ட்டரை அந்தப் பழைய வயரில் மாட்டுவதைப் போன்ற முட்டாள்தனம் இல்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும்; ஆகவே சிலிண்டர் அறையின் வடிகால் நேரே வெளியே போக வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். இதையெல்லாம் நாலு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அது இல்லாமல் படகு உரிமம் இல்லை. படகு ஓட்டுகிறவருக்கோ எந்த லைசென்ஸும் வேண்டாம். இரும்பைச் சோதிக்கும் அளவுக்கு ஆளைச் சோதிப்பதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்கலாம். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் கிளம்பும் அலை கரையில் அடித்த முளையைப் பிடுங்கிவிடும், ஜன்னல் வழியே ஒரு தலை எட்டிப் பார்த்துத் திட்டும். கரையில் நாயோடு நடக்கிற பெரியவர் உங்களை முந்திப் போவார். சுக்கானை இடது பக்கம் தள்ளினால் படகின் முன்முனையான அணியம் வலது பக்கம் திரும்பும். படகு நடுவயிற்றை அச்சாக வைத்துச் சுழலும். பின்னோக்கி ஓட்டும்போது சுக்கான் ஏறக்குறைய வேலை செய்யாது. முதல் நாள் முழுக்கக் கரையில் இடிப்பீர்கள். இரண்டாம் நாள் மதியம் கை தானாகப் போகும். பழைய லிஸ்டர் டீசல் எஞ்சின் உள்ள படகென்றால் ‘டுக்… டுக்… டுக்’ என்ற சத்தத்தை வைத்தே அதன் உடல்நிலையைச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

லாக்கில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. கீழே இறங்கும்போது மேல்கதவின் அடியிலுள்ள கல்திட்டு தண்ணீருக்குள் மறைந்திருக்கும். பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துகொண்டால், நீர் வடிய வடிய அணியம் தலைகுப்புறப் போகும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பது இதற்குத்தான். ஒருவர் படகிலும் ஒருவர் மதகுக் கைப்பிடியிலும் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. டிவைசிஸ் ஊரில் கேன் ஹில் வரிசையில் 29 லாக்குகள். ஏறி முடிக்கப் பாதி நாளுக்கு மேல் போய்விடும். அந்தக் கென்னட் – ஏவன் கால்வாய் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் தோண்டித் தூர் எடுத்து 1990-இல் மறுபடி திறக்கப்பட்டது. நாடக நடிகர் திமோதி வெஸ்ட்டும் மனைவி புருனெல்லா ஸ்கேல்ஸும் அந்த மீட்புக்குத் துணை நின்றவர்கள். மனைவியின் நினைவு மங்கத் தொடங்கிய காலத்தில், 2014 முதல் இருவரும் படகில் ஊர் ஊராகப் போன தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துப் படகு வாங்கக் கிளம்பியவர்கள் ஏராளம். வெஸ்ட்டும் லாக் சுவரில் படகை இடிப்பார். அது தொடரில் அப்படியே வரும்.

பயணத்துக்கு வடக்கு வேல்ஸின் லாங்கோலன் கால்வாயைத்தான் நான் முதலில் சொல்வேன். டெல்ஃபோர்டும் ஜெஸ்ஸப்பும் 1805-இல் கட்டி முடித்த பான்ட்கிசில்ட்டே தொட்டிப்பாலம் அதில்தான் இருக்கிறது: வார்ப்பிரும்புத் தொட்டி, 307 மீட்டர் நீளம், கீழே 38 மீட்டர் ஆழத்தில் டீ நதி. நடைபாதைப் பக்கம் கம்பி உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்போடு சரி. சுக்கான் பிடித்து நிற்கிறவர் காலடிக்குப் பக்கத்தில் வெறும் ஆகாயம். யுனெஸ்கோ 2009-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. ஜூலையில் வேண்டாம், அக்டோபர் கடைசியில். வாடகை அப்போது குறைவு, மழை நிச்சயம், கரி அடுப்பு மூட்டத் தெரிந்தாக வேண்டும், காலையில் ஜன்னல் கண்ணாடியில் வடியும் ஈரத்தைத் துணியால் துடைத்துப் பிழிய வேண்டும். கழிப்பறைப் பெட்டியை நீங்களே தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். நவம்பர் பிறந்தால் பல லாக்குகளை வடித்துக் கதவு மாற்றுவார்கள், வழி அடைபடும். அதனால் கிளம்பும் முன் எந்தெந்த லாக் எந்தத் தேதியில் மூடுகிறது என்ற பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.