மைதானத்தின் மறுபக்கம் – 9: நீல மாத்திரை

ஊக்கமருந்தில் மாட்டிக்கொண்ட ஓட்ட வீரர் பென் ஜான்சனைப் பற்றிச் சென்ற வாரம் எழுதி முடித்தபோதே அடுத்து எந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ‘ஊக்கமருந்து போடாதவர் யார்? மாட்டிக்கொண்டவர் மட்டும் குற்றவாளியா? பேசாமல் டாக்டர் மேற்பார்வையில் அனுமதித்துவிட்டால் என்ன?’

தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த தத்துவ அறிஞர் ஜூலியன் சவுலெஸ்கு 2004-லேயே ஒரு மருத்துவ இதழில் இதை வாதமாக முன்வைத்தார். மருந்தைத் துரத்துவதை விட்டுவிட்டு வீரரின் உடல்நலத்தைப் பரிசோதியுங்கள் என்பது அவர் கட்சி. ஊக்கமருந்தை வெளிப்படையாக அனுமதிக்கும் ‘என்ஹான்ஸ்டு கேம்ஸ்’ போட்டியை லாஸ் வேகாஸில் நடத்தப்போவதாக 2025-ல் அறிவித்தவர்களும் மருத்துவக் கண்காணிப்பையே கேடயமாகப் பிடிக்கிறார்கள்.

என் பதில்: அதைச் செய்து பார்த்தாகிவிட்டது. ஒரு நாடே செய்து பார்த்தது. டாக்டர்கள் இருந்தார்கள், மி.கி. கணக்கு இருந்தது, ரத்தப் பரிசோதனை இருந்தது, ஆராய்ச்சி இருந்தது. அந்த நாட்டின் பெயர் கிழக்கு ஜெர்மனி.

மக்கள்தொகை ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 20 தங்கம். நான்கே ஆண்டுகள் கழித்து, மான்ட்ரியலில் 40 தங்கம், அமெரிக்காவுக்கு 34. மியூனிக்கில் பெண்கள் நீச்சலில் ஒரு தங்கம்கூட வாங்காத நாடு, மான்ட்ரியலில் 13 பந்தயங்களில் 11-ஐ வென்றது. அந்தப் பெண்களின் அகன்ற தோள்களும் கட்டைக் குரலும் மற்றவர்கள் கண்ணில் படாமல் இல்லை. அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஷெர்லி பாபஷாஃப் அதை வாய்விட்டே சொன்னார். தனிநபர் பந்தயங்களில் மூன்று முறை கிழக்கு ஜெர்மானியப் பெண்களுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் அவர். தோல்வியைத் தாங்கத் தெரியாத சிடுமூஞ்சி என்று சொந்த நாட்டுப் பத்திரிகைகளே அவரை எழுதின. அவர் சொன்னது உண்மை என்று உலகம் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

மருந்தின் பெயர் ஓரல்-டூரினபால். யேனா நகரில் யேனாஃபார்ம் என்ற அரசு மருந்து நிறுவனம் தயாரித்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைச் சற்றே மாற்றிச் செய்த ஸ்டீராய்டு. 5 மி.கி. மாத்திரை நீல நிறம். தசையை வளர்க்கும், கடும் பயிற்சிக்குப் பிறகு உடல் சீக்கிரம் தேறும், அதனால் மறுநாளும் அதே அளவு பயிற்சி செய்யலாம். ஆண்களைவிடப் பெண்களிடம் இதன் பலன் பல மடங்கு, ஏனென்றால் அவர்கள் உடலில் அந்த ஹார்மோன் இயல்பாகவே மிகக் குறைவு. சிறுமிகளிடம் இன்னும் அதிகம். இதைக் கண்டுகொண்டதுதான் அந்த டாக்டர்களின் ‘சாதனை’. 1974-ல் ஆளும் கட்சியின் மேலிடம் ஒப்புதல் தந்தது. அரசுத் திட்டம் 14.25 என்று கோப்புக்குப் பெயர். அதில் ‘ஊக்கமருந்து’ என்ற சொல்லே கிடையாது. ‘துணைப் பொருள்கள்’ என்றுதான் குறித்தார்கள். மேலே விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃபிரட் எவால்ட். நடைமுறைப் பொறுப்பு டாக்டர் மான்ஃபிரட் ஹோப்னர். ரகசியப் போலீசான ஸ்டாசிக்கு ஹோப்னர் உளவாளியும்கூட. பாய்மரப் படகுப் போட்டியும் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸும் நீங்கலாக எல்லா ஒலிம்பிக் விளையாட்டுகளிலும் ஸ்டீராய்டு புழங்குவதாக 1977-ல் அவரே ஸ்டாசிக்கு அறிக்கை கொடுத்தார்.

பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளிடம் கோச் மாத்திரையை நீட்டுவார். கேட்டால் விட்டமின். பெற்றோருக்குச் சொல்லக் கூடாது. விளையாட்டுப் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, கோச் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லுமா? டிரெஸ்டனில் பயிற்சி பெற்ற ரிகா ரைனிஷ் 1980 மாஸ்கோவில் மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. சினைப்பை வீங்கிப் பழுதாகி, அதிக நாள் ஆகுமுன்பே நீச்சலை விட்டார். கல்லீரல் கெட்டவர்கள், கரு தங்காதவர்கள், குரல் மாறித் திரும்பாதவர்கள் என்று பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்த பெண்கள் பலர்.

குண்டு எறிதல் வீராங்கனை ஹைடி கிரீகருக்கு 16 வயதில் மாத்திரை தொடங்கியது. 1986-ல் 21.10 மீட்டர் எறிந்து ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அந்த ஓர் ஆண்டில் அவர் உடலுக்குள் போன ஸ்டீராய்டு சுமார் 2,600 மி.கி. சென்ற வாரம் பார்த்த பென் ஜான்சன் 1988-ல் எடுத்துக்கொண்டதைவிட ஏறக்குறைய 1,000 மி.கி. கூடுதல். ஜான்சன் தெரிந்து எடுத்தார். ஹைடிக்குத் தெரியாது. 1997-ல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் கிரீகர் என்ற ஆணாக வாழத் தொடங்கினார். அதற்கு முன்பே தன் பாலினம் பற்றிய குழப்பம் தனக்கு இருந்தது என்கிறார். ஆனால் தான் யார் என்பதைத் தானாகவே கண்டுகொள்ளும் உரிமையை அந்த மாத்திரைகள் பறித்துவிட்டன என்பதே அவர் வழக்கு. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் கனமான வாக்குமூலம் இதுதான்.

அப்படியானால் பரிசோதனை என்ன செய்துகொண்டிருந்தது?

1977-ல் ஹெல்சிங்கியில் குண்டு எறிதல் வீராங்கனை இலோனா ஸ்லுபியானெக் பிடிபட்டார். கிழக்கு ஜெர்மனி மருந்தை நிறுத்தவில்லை. பரிசோதனையைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. டிரெஸ்டனுக்கு அருகே கிரைஷா என்ற ஊரில் சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஊக்கமருந்துப் பரிசோதனைக்கூடம் இயங்கியது. வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளம்புமுன் ஒவ்வொருவரின் சிறுநீரும் அங்கே போகும். மருந்தின் தடம் தெரிந்தால் அவருக்குத் திடீரென்று ‘காயம்’ வந்துவிடும், பயணம் ரத்து. தடம் மறைந்தவர் மட்டும் விமானம் ஏறுவார். மாத்திரையைப் போட்டிக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கூடத்தின் கருவிகளே துல்லியமாகச் சொல்லித்தந்தன. டெஸ்டோஸ்டீரோனுக்கும், உடலில் இயல்பாகவே இருக்கும் எபிடெஸ்டோஸ்டீரோனுக்கும் உள்ள விகிதம் ஆறுக்கு ஒன்றைத் தாண்டினால் குற்றம் என்று 1980-களின் தொடக்கத்தில் விதி வந்தது. உடனே எபிடெஸ்டோஸ்டீரோனையும் சேர்த்துக் கொடுத்து விகிதத்தைச் சரிக்கட்டினார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் எந்த நாட்டவரும், ஒருவர்கூட, பிடிபடவில்லை.

பரிசோதனையே பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பதக்கம் வேண்டியவனின் கையிலேயே பரிசோதனைக் குழாயும் இருந்தது. பிழை அங்கே இருக்கிறது.

உண்மையை வெளியே கொண்டுவந்தது எந்த விளையாட்டு அமைப்பும் அல்ல, ஒரு தம்பதி. கிழக்கிலிருந்து மேற்கு ஜெர்மனிக்குப் போய், அந்நாட்டுக்காக வட்டு எறிந்தவர் பிரிகிட்டே பெரன்டோங்க். அவர் கணவர் வெர்னர் பிராங்கே, ஹைடல்பெர்க் நகரில் உயிரணு ஆராய்ச்சியாளர். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, பாட் சாரோ ராணுவ மருத்துவ நிலையத்தில் ரகசிய ஆய்வேடுகளைப் பிராங்கே கண்டெடுத்தார். எந்தப் பெண்ணுக்கு எத்தனை மி.கி., அதனால் எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்று பட்டம் வாங்குவதற்காக டாக்டர்களே எழுதிவைத்தவை அவை. 1991-ல் பெரன்டோங்க் அவற்றை நூலாக்கினார். இந்தத் திட்டத்துக்குள் வந்த வீரர்கள் சுமார் 10,000 பேர் என்பது மதிப்பீடு.

2000-ல் பெர்லின் நீதிமன்றம் எவால்டுக்கு 22 மாதம், ஹோப்னருக்கு 18 மாதம் தண்டனை விதித்தது. இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. இருவரும் வீட்டுக்குப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு 2002-ம் ஆண்டுச் சட்டப்படி தலைக்குச் சுமார் 10,400 யூரோ, ஒரே ஒரு முறை. ஆயுள் முழுக்க மருத்துவமனைக்கு நடப்பவருக்கு அது எத்தனை நாளைக்கு வரும்? இந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது அந்த வாதத்துக்கே திரும்புவோம். ‘வயதுவந்தவர்கள், தெரிந்தே, விருப்பப்பட்டு’ என்பார்கள் அனுமதி கேட்பவர்கள். ஆனால் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கும் விளையாட்டில் வயதுவந்தவர் என்று யாரைச் சொல்வது? இருபது வயதில் மருந்து செல்லும் என்று சட்டம் சொன்னால், அந்த இருபதை எட்டுவதற்கான பந்தயம் பதின்மூன்றிலேயே தொடங்கிவிடும். விடுதி, கோச், உதவித்தொகை, ஊரின் எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து நிற்கும்போது ஒரு பிள்ளையின் ‘விருப்பம்’ எவ்வளவு? டாக்டரின் மேற்பார்வையும் அவளைக் காக்காது. டாக்டருக்குச் சம்பளம் தருபவர் பதக்கம் கேட்டால், டாக்டர் பதக்கத்தைத்தான் கவனிப்பார். கிழக்கு ஜெர்மனி காட்டியது அதைத்தான்.

சாதனைப் பட்டியல்களை என்ன செய்வது என்பது இன்றும் தீராத சிக்கல். 1984-ல் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் கிளப் அணிகளுக்கான தேசியச் சாதனை படைத்த நால்வரில் ஒருவரான இனெஸ் கைப்பெல், மருந்தால் வந்த அந்தச் சாதனையிலிருந்து தன் பெயரை நீக்கும்படி தானே கேட்டார். ஜெர்மனி நீக்கியது, பெயர் இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டார்கள். 2005-க்கு முந்தைய உலக, ஐரோப்பியச் சாதனைகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவைக்கலாம் என்று 2017-ல் ஐரோப்பியத் தடகள அமைப்பு யோசனை சொன்னது. குற்றமே செய்யாதவர்கள் பெயரும் அடிபடும் என்று மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் போன்றவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதிப்பில் நியாயம் இருந்தது. யோசனை நடைமுறைக்கு வரவில்லை.

ஓரல்-டூரினபாலின் கதை கிழக்கு ஜெர்மனியோடு முடியவும் இல்லை. இந்த மருந்து உடலில் விட்டுச்செல்லும் நீண்டகாலத் தடம் ஒன்றைக் கண்டறியும் முறை 2010-களின் தொடக்கத்தில் வந்தது. உறையவைத்துப் பாதுகாத்திருந்த 2008 பெய்ஜிங், 2012 லண்டன் மாதிரிகளை எடுத்து மறுபடி சோதித்தார்கள். பல பதக்கங்கள் பறிபோயின. பல ஆண்டுகளுக்கு முன் நான்காவதாக வந்தவர்கள் வீட்டுக்குப் பதக்கம் வந்தது. பரிசோதனை காலம் கடந்தும் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

அந்த முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் மாஸ்கோ பரிசோதனைக்கூடத்தின் அன்றைய இயக்குநர் கிரிகோரி ரோட்சென்கோவ். அதே காலத்தில் ரஷ்ய வீரர்களுக்கு மூன்று ஸ்டீராய்டுகளை மதுவில் கரைத்துக் கலவை தயாரித்துக் கொடுத்தவரும் அவர்தான். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் அவருடைய கூடத்தின் சுவரில் இருந்த துளை வழியாக இரவில் சிறுநீர்ப் புட்டிகள் கைமாறியதை அவரே பின்னர் உலகுக்குச் சொன்னார். அந்தத் துளையின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)