விமானம் எங்கே காத்திருக்க வேண்டும்?

விமானத்தில் ஏறி இருக்கைவாரும் போட்டாயிற்று. கதவு மூடப்பட்டுவிட்டது. ஆனால் விமானம் அசையவில்லை. கிளம்ப இன்னும் பத்து நிமிடமாகும் என்று விமானி அறிவிக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுக்கிறார்: “இங்கே சும்மா நிற்பதற்கு ஓடுபாதை வரையாவது போய் நிற்கலாமே!”

அவர் சொல்வது நியாயமாகத்தான் தெரிகிறது. சரிதானா என்று ஒரு தாளை எடுத்து நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம், மாணவர்களே.

ஓடுபாதை ஒன்று. அதிலிருந்து 2 நிமிடத்துக்கு ஒரு விமானம் மேலெழலாம். காலை 8 மணிக்கு 10 விமானங்கள் தயாராக நிற்கின்றன. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்ல 10 நிமிடம் ஆகும். பத்து விமானங்களும் 8 மணிக்கே கிளம்பினால் முதல் விமானம் 8.10க்கும் இரண்டாவது 8.12க்கும் பத்தாவது 8.28க்கும் மேலெழும். தரையில் எஞ்சின்கள் ஓடிய நேரத்தைக் கூட்டுங்கள்: 10 + 12 + 14 … + 28. மொத்தம் 190 நிமிடம்.

இப்போது 2 நிமிடத்துக்கு ஒன்றாக அவற்றை விடுவியுங்கள். ஒவ்வொன்றும் 10 நிமிடம்தான் ஊர்கிறது. மொத்தம் 100 நிமிடம். மேலெழும் நேரங்களைப் பாருங்கள்: 8.10, 8.12 … 8.28. ஒரு நிமிடம்கூட மாறவில்லை! பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இடைவேளை மணி அடித்ததும் நாற்பது பேர் மீ கோரெங் கடைமுன் முண்டியடித்தாலும் கடைக்காரரின் கைகள் இரண்டுதானே. வரிசை நீளுமே தவிர, தட்டு சீக்கிரம் வராது.

மிச்சமான 90 நிமிடம் சின்ன விஷயம் அல்ல. ஏ320 போன்ற இரட்டை எஞ்சின் விமானம் தரையில் ஊரும்போது நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 12 கிலோகிராம் எரிபொருளை எரிக்கிறது. 90 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டன். ஒரு கிலோகிராம் எரிபொருள் எரிந்தால் 3 கிலோகிராமுக்கும் சற்று அதிகமான கரியமில வாயு வெளியாகும். அப்படியானால் எத்தனை டன் வாயு என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் நம் கணக்கில் ஒரு பொய் இருக்கிறது. எல்லா விமானங்களும் சரியாக 10 நிமிடத்தில் ஊர்ந்து சேரும் என்று எடுத்துக்கொண்டோம். நிஜத்தில் ஒருவருக்கு இழுவை வண்டி தாமதமாகும். இன்னொருவர் குறுக்கே வரும் விமானத்துக்கு வழிவிட்டு நிற்பார். எனவே ஒரு பகடையை எடுங்கள். ஊரும் நேரம் = 7 நிமிடம் + பகடையில் விழும் எண். முதல் விமானத்துக்கு 1 விழுகிறது; 8 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து 8.08க்கு மேலெழுகிறது. 8.02க்குக் கிளம்பிய இரண்டாவதற்கு 6 விழுகிறது; 13 நிமிடமாகி 8.15க்குத்தான் வந்து சேர்கிறது. 8.10 முதல் 8.15 வரை ஓடுபாதை காலி! அந்த 5 நிமிடம் போனது போனதுதான். பின்னால் நிற்கும் அனைவருக்கும் தாமதம்.

ஆகவே வரிசையே கூடாது என்பதும் தவறு. முனையில் இரண்டு, மூன்று விமானங்கள் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். எத்தனை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மையான விமானங்களை வைத்துச் சோதிக்க முடியாது. அதனால் கணினிக்குள் ஒரு விமான நிலையத்தைக் கட்டி, பகடைக்குப் பதில் தற்செயல் எண்களைக் கொடுத்து, ஒரே காலை நேரத்தை ஆயிரக்கணக்கான முறை ஓடவிடுகிறார்கள். இதுதான் பாவனை முறை. ஒரு தடவை வரும் விடைக்கு மதிப்பில்லை. ஆயிரம் தடவையின் சராசரிக்கு உண்டு. புதிய முனையம் கட்டும் முன்பும் ஓர் ஊர்பாதையைப் பழுதுபார்க்க மூடும் முன்பும் இப்படித்தான் ஒத்திகை பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் எம்ஐடி ஆய்வாளர்கள் 2010இல் இதை நேரடியாகச் செய்து பார்த்தார்கள். நெரிசலான வேளைகளில் எத்தனை விமானங்களை விடுவிக்கலாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அவ்வப்போது சொன்னார்கள். நிறுத்தி வைக்கப்பட்ட விமானங்கள் சராசரியாகச் சுமார் 4 நிமிடமே கூடுதலாகக் காத்திருந்தன. சில நாள் சோதனையிலேயே 12 டன்னுக்கு மேல் எரிபொருள் மிச்சமானதாக மதிப்பிட்டார்கள். சாங்கியிலும் விமானம் எப்போது தயாராகும் என்பதை விமான நிறுவனம் முன்கூட்டியே தெரிவிக்க, எஞ்சினை எப்போது இயக்கலாம் என்பதைக் கணினி கணக்கிட்டுத் தருகிறது.

யார் முன்னால், யார் பின்னால் என்பதும் முக்கியம். பெரிய விமானத்தின் இறக்கை நுனிகள் பின்னால் காற்றுச் சுழல்களை விட்டுச்செல்லும். அதே ஓடுபாதையில் அதன்பின் மேலெழும் நடுத்தர விமானம் 2 நிமிடம் பொறுக்க வேண்டும். முன்னே போனது ஏ380 என்றால் 3 நிமிடம். மற்ற இடைவெளிகளை 1 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, 3 பெரிய, 3 நடுத்தர விமானங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். பெரியது, நடுத்தரம் என மாறி மாறி அனுப்பினால் முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே 8 நிமிடம். நடுத்தர விமானங்களை முதலில் அனுப்பினால் 5 நிமிடம்தான்.

காத்திருப்பதற்கு இன்னோர் இடம் உண்டு: ஓடுபாதைக்குள் நுழையும் கோடு. இங்கே பிழைக்கு எரிபொருளால் விலை கொடுப்பதில்லை. 2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், நிலநடுக்க நிவாரணப் பொருள்களுடன் கிளம்பிய கடலோரக் காவல்படை விமானத்துக்கு அந்தக் கோடு வரை ஊர்ந்து வருமாறுதான் சொல்லப்பட்டது. அது கோட்டைத் தாண்டி ஓடுபாதையில் சுமார் 40 விநாடி நின்றது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மீது மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

சாங்கியில் விமானிக்கு முன்னால் பச்சை விளக்குகள் வழிகாட்டியபடி எரியும். நிற்க வேண்டிய கோட்டில் சிவப்பு எரியும். ஹனேடாவின் அந்த நுழைவிடத்தில் சிவப்பு விளக்குகள் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. கோபுரத்துத் திரையோ ஓடுபாதையில் விமானம் இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளரின் கண் அதில் படவில்லை. விபத்துக்குச் சில நாள்களிலேயே, அந்தத் திரையை மட்டும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க அங்கே ஒருவரை அமர்த்தினார்கள்.