கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் சரிதானா?

திருவள்ளூர் மாவட்டம் செவ்வாப்பேட்டை கலெக்‌ஷன் சென்டரில் கொடுக்கும் ரத்தம் கல்ச்சருக்காகச் சென்னை வரை போகலாம். அங்கே வளரும் கிருமிக்குப் பெயர் சொல்வது பெரிய லேப்களில் இப்போது கருவிதான். வைடெக் 2, 64 குழிகள் கொண்ட சின்ன அட்டையில் கிருமி எதை எதைச் சிதைக்கிறது என்று பார்க்கும். மால்டி-டாஃப், அதன் புரதங்களின் எடையைப் பார்க்கும். இரண்டுமே கண்டதைத் தம் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்லும். பட்டியலில் இல்லாத கிருமி வந்தால் ‘தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டால் நல்லது. சில நேரம் அதன் பங்காளியின் பெயரைச் சொல்லிவிடும்.

அப்படி ஏமாற்றும் கிருமி ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது: மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை. 1912-ல் ரங்கூனிலிருந்து விட்மோரும் கிருஷ்ணசாமியும் விவரித்த நோய் இது. மழைக்காலத்தில் வயல் சேற்றில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம். நுரையீரலில் வந்தால் காசநோய் போலவே தெரியும். காசநோய் மாத்திரைகளிலேயே மாதங்களைக் கழித்தவர்கள் உண்டு. வைடெக் இதைப் பங்காளியான ‘செபேசியா’ என்றதும், மால்டி-டாஃப் இன்னொரு பங்காளியான ‘தாய்லாண்டென்சிஸ்’ என்றதும் மருத்துவ இதழ்களில் பதிவானவை. பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும். மெலியாய்டோசிஸுக்குச் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 நாள், பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமாக்சசோல் மாத்திரை வேண்டும்.

இத்தனைக்கும், சந்தேகம் எழ விலையுயர்ந்த கருவியே தேவையில்லை. ஆக்சிடேஸ் சோதனையில் பாசிட்டிவ், ஜென்டாமைசின், கொலிஸ்டின் மருந்துகளுக்கு மசியாமல் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்குகிறது என்றால், விவரமான டெக்னீஷியன் அங்கேயே நிறுத்திச் சந்தேகப்படுவார்.

லேபின் அங்கீகாரத்தைக் காட்டும் என்ஏபிஎல் முத்திரையைப் பார்த்ததும் திருப்தியடைய வேண்டாம். அங்கீகாரம் சோதனை வாரியாகத்தான் தரப்படுகிறது; கல்ச்சர் அதில் அடங்குமா என்று கேளுங்கள். கருவியை வாங்கியதும் பெயர் தெரிந்த கிருமிகளைக் கொடுத்துச் சரிபார்த்தார்களா, பட்டியலைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதும் நியாயமான கேள்விகளே.

சர்க்கரை இருந்து, காய்ச்சல் இறங்காமல், ரிப்போர்ட்டில் ‘செபேசியா’ அல்லது வெறும் ‘சூடோமோனாஸ்’ என்றிருந்தால், கிருமியை வேலூர் சிஎம்சி போன்ற இடத்துக்கு அனுப்பி உறுதிசெய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அன்றைக்கே கேட்க வேண்டும். கல்ச்சர் தட்டை லேபில் அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேட்டு, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். அலட்சியத்தால் பாதிப்பு என்றால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம், வழிகேட்க நுகர்வோர் உதவி எண் 1915. கருவி தவறினாலே அலட்சியம் ஆகிவிடாது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் லேப் மறுசோதனை செய்ததா என்பதே அங்கே எழும் கேள்வி; அதற்கு முதல் ரிப்போர்ட்டும் மருந்துப் பட்டியலும்தான் சாட்சி.