வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சியா?

உங்கள் வீட்டில் பப்பாளியோ செம்பருத்தியோ இருக்கிறதா? ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்பை ஒட்டி, கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது மாவுப்பூச்சிக் கூட்டமாக இருக்கலாம். சட்டென்று மருந்து தேடி ஓடாதீர்கள். ஒரு லென்ஸ் எடுத்து வாருங்கள்.

பப்பாளி மாவுப்பூச்சியில் பெண் சுமார் 2 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். மஞ்சள் உடம்பு, அதன்மேல் வெள்ளை மெழுகுப்பொடி. ஊசி போன்ற வாயை இலைக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும். இலைச்சாற்றில் சர்க்கரை நிறைய, புரதச் சத்து கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக நிறையக் குடித்துவிட்டு, மிஞ்சிய சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிடும். அந்த இனிப்புக்காக எறும்புகள் வரும். வருவதோடு நிற்காது, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டியும் அடிக்கும்! கீழ் இலைகளில் சிந்திய இனிப்பில் கரும்பூசணம் படர்ந்தால், வெயில் படாமல் இலையால் உணவு தயாரிக்க முடியாது.

இந்தப் பூச்சிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். இந்தியாவில் இதை முதலில் கண்டது 2008இல், கோயம்புத்தூரில். அப்போது இங்கே இதை அடக்கும் அளவுக்கு எதிரி இல்லை. பப்பாளியிலிருந்து மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. மருந்து தெளித்தும் பயனில்லை. மெழுகுப்பொடி அதைக் காத்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அது 1 மில்லிமீட்டர்கூட இருக்காது, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுப்புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, குளவியாகி, துளையிட்டு வெளியே வரும். சில மாதங்களிலேயே மாவுப்பூச்சியின் ஆட்டம் அடங்கியது. இத்தனை சின்னக் குளவி இவ்வளவு பெரிய வேலையைச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

இன்னொருவரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வெள்ளைக் கூட்டத்தில் ஒன்று மட்டும் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளோடு, விறுவிறுவென்று நடக்கிறதா? அதை நசுக்கிவிடாதீர்கள்! அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் அதன் சாப்பாடு. வளர்ந்த வண்டுக்குத் தலை ஆரஞ்சு, முதுகு கறுப்பு. ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்த இனம் 1898லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

சரி, மரத்துக்கு என்ன செய்யலாம்? எறும்பு ஏறும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். பக்கத்துச் செடியின் கிளை மரத்தைத் தொட்டால் பெரியவர்களிடம் சொல்லி வெட்டச் சொல்லுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினால் நிறையப் பூச்சிகள் விழுந்துவிடும். அப்புறமும் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் கூட்டம் உள்ள இடத்தில் மட்டும் தெளிக்கச் சொல்லுங்கள். மெழுகின்மேல் வெறும் தண்ணீர் ஒட்டாது. சோப்பு சேர்ந்தால்தான் ஒட்டும்.

தெளிப்பதற்கு முன் பூச்சியுள்ள ஓர் இலையைப் பறித்து ஜாடியில் போட்டு, நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டி, நிழலில் வையுங்கள். தினமும் லென்ஸில் பாருங்கள். உப்பிய பூச்சியின் உடம்பில் வட்டமான சின்னத் துளை தெரிந்தால், உங்கள் தோட்டத்துக்குக் குளவி ஏற்கெனவே வந்துவிட்டது. அப்போது மருந்து தெளிக்காமல், ஜாடியை மரத்தடியில் திறந்து வைத்துவிடுங்கள்.