கனமான கார், கனமான செலவு

ஜொகூர் பாருவில் உள்ள கார்ப் பட்டறைகளில் சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட வாகனங்களை அன்றாடம் காணலாம். 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடந்து, டயர் மாற்றவும் பிரேக் மாற்றவும் அவற்றின் உரிமையாளர்கள் இங்கு வருகின்றனர். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதும், பட்டறைக் கூலி இங்குக் குறைவாக இருப்பதும் அதற்குக் காரணங்கள். ஆனால், வரும் வாகனம் ஒரு சொகுசு எஸ்.யூ.வி. என்றால் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை. கூலி குறையும், உண்மைதான். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் உதிரிபாகத்தின் விலையோ பாலத்தைக் கடந்ததும் பாதியாகிவிடாது. அத்தகைய வாகனத்தின் பிரேக் செலவில் பெரும்பங்கு உதிரிபாகத்திற்கே போகிறது.

அந்த உதிரிபாகம் ஏன் அவ்வளவு விலை? விடை அறிவியல் பாடத்தில் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டின் இருபுறமும் பிரேக் பேடுகளை இறுகப் பிடிக்கச் செய்கிறது. உராய்வினால் வாகனத்தின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இயக்க ஆற்றல் பொருண்மைக்கு ஏற்ப உயரும். வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் உயரும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

மைவி போன்ற சிறிய கார் ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எடை கொண்டது. பெரிய சொகுசு எஸ்.யூ.வி. ஒன்று 2,200 கிலோகிராம் இருக்கலாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அந்த எஸ்.யூ.வி.யை முழுமையாக நிறுத்தும்போது, ஏறத்தாழ 1,000 கிலோஜூல் வெப்பம் உண்டாகிறது. மூன்று லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்! சில நொடிகளில் பிறக்கும் அவ்வெப்பத்தைத் தாங்குவதற்காகவே அதன் தட்டுகள் அகலமாகவும் தடிப்பாகவும், நடுவே காற்றுப் புகும் இடைவெளியோடும் செய்யப்படுகின்றன. பேடுகளும் பெரியவை, அவை தேய்ந்ததை அறிவிக்கும் உணரிகளும் உண்டு. மின்னணுக் கைப்பிரேக் உள்ள வாகனமாயின், பின்சக்கரப் பேடுகளை மாற்றக் கணினிக் கருவியும் தேவைப்படும். போர்ஷ நிறுவனத்தின் கயேன் போன்ற வாகனங்களில் இரும்புக்குப் பதிலாகக் கார்பன் செராமிக் தட்டுகளைப் பொருத்திக்கொள்ளவும் வழியுண்டு. அவை இரும்பில் பாதி எடையே; விலையோ பன்மடங்கு.

கயேன் 2022ஆம் ஆண்டு முதல் கெடா மாநிலத்தின் கூலிமில் பொருத்தப்படுகிறதே, இனி விலை குறையாதா எனச் சிலர் கேட்பதுண்டு. ஒரு வாகனம் இங்கே பொருத்தப்படுவதால், அதன் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாகின்றன என்று பொருளல்ல.

செல்வந்தர்களின் கவலை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். பத்து ஆண்டுகள் ஓடிய சொகுசு எஸ்.யூ.வி., சில வேளைகளில் புதிய மைவியின் விலைக்கே கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்கள் அந்த விலையைப் பார்த்து மயங்குவது இங்கேதான். இறங்கியது காரின் விலை மட்டுமே. பிரேக் தட்டின் விலை இறங்கவில்லை. மாதத் தவணையைக் கட்டிவிட்டுக் கையில் மிச்சமில்லாதவர், கிறீச்சென்ற ஒலி கேட்டும் பட்டறைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார். பேடு முற்றிலும் தேய்ந்தபின் அதன் இரும்பு முதுகு தட்டை உரசிப் பள்ளமாக்கும். பேடுகளோடு முடிந்திருக்க வேண்டிய செலவு தட்டுகளுக்கும் சேர்ந்துவிடும். மலிவான போலிப் பேடுகளை நாடுவது இன்னும் ஆபத்தானது. அதிக வெப்பத்தில் அவை பிடிமானத்தை இழக்கலாம்.

நியாயமான முறையில் செலவைக் குறைக்கவும் வழியுண்டு. பிரெம்போ, டெக்ஸ்டார் போன்ற நிறுவனங்கள் கார்த் தயாரிப்பாளர்களுக்குப் பாகங்கள் செய்து தருகின்றன. தங்கள் பெயரிலும் விற்கின்றன. கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாத பெட்டியில் வருவதால் அவற்றின் விலை பெரும்பாலும் குறைவு. ஐ.நா. ஒழுங்குவிதி 90க்கு உட்பட்ட மாற்றுப் பேடுகள், மூலப் பேடுகளுக்கு நெருக்கமான செயல்திறனைச் சோதனையில் காட்டியிருக்க வேண்டும். ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே பேடுகளை மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் வாகனம் ஒருபக்கம் இழுக்கும். தட்டை மாற்றச் சொன்னால், அதன் தடிப்பை அளந்து காட்டுமாறு தயங்காமல் கேட்கலாம். தேய்மானத்தின் எல்லை பெரும்பாலும் தட்டின் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

ஓட்டும் விதமும் செலவைத் தீர்மானிக்கிறது. பாலத்து நெரிசலில் நூறு முறை பிரேக்கை மிதித்தாலும் வேகம் குறைவு என்பதால் வெப்பமும் குறைவே. பள்ளி விடுமுறையில் கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது நிலைமை வேறு. அங்கே குறைந்த கியரில் இறங்கினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் ஒரு பகுதியை இயந்திரமே ஏற்றுக்கொள்ளும். பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கினால் தட்டுகள் கொதிக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பழைய எண்ணெய் விரைவில் கொதித்துக் குமிழிகளை உண்டாக்கும். அப்போது எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காமல் போகலாம். அந்த எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, தட்டு மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான்.