வீட்டு வரைபடம் மாறினால், தாளும் மாறியதா?

போடியிலோ சின்னமனூரிலோ கம்பத்திலோ ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், அதன் வரைபடம் மூன்று இடங்களுக்காவது போகிறது: அனுமதி தரும் அலுவலகம், கடன் தரும் வங்கி, வேலை பார்க்கும் மேஸ்திரி. இடையில் வாசல் கிழக்கிலிருந்து வடக்குக்கு மாறும்; மாடிப்படி ஒரு அடி நகரும். மூன்று இடத்திலும் இருப்பது ஒரே வரைபடம்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. இதைக் கேட்டு உறுதிசெய்வது வீட்டுக்காரரின் உரிமை. 2024 ஜூலைக்குப் பிறகு அது அவருடைய பொறுப்பும்கூட. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குத் தமிழக அரசு சுயசான்று முறையில் உடனடி அனுமதி தருகிறது. வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று சான்றளிப்பவர் உரிமையாளரே.

‘ரெவிட் போன்ற மென்பொருளில் ஒன்றை மாற்றினால் எல்லாமே தானாக மாறிவிடுமே’ என்பார்கள். கோப்புக்குள் அது உண்மை. தளப்படம், வெட்டுப்படம், முகப்பு எல்லாம் ஒரே மாதிரியிலிருந்து வருவதால் சேர்ந்தே மாறும்; கிழக்கு வாசல், வடக்கு வாசல் என இரண்டு வடிவங்களையும் அதே கோப்பில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. கம்பி வரைபடத்தை வேறொரு பொறியாளர் தனிக் கோப்பில் வரைந்திருந்தால், அவருக்குச் சொல்லாதவரை அதுவும் மாறாது. பழைய தாளைப் பார்த்துப் பீமுக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுவிட்டால், உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். சுவர் வெளியே நகர்ந்து பக்க இடைவெளி குறைந்தாலோ, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வேலையை நிறுத்தவும் கட்டடத்துக்குச் சீல் வைக்கவும் அதிகாரிகளால் முடியும்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: ஒவ்வொரு தாளிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், புதிய தாள் வந்ததும் பழையதில் ‘ரத்து’ என்று எழுத வேண்டும், கட்டட வரைபடமும் கம்பி வரைபடமும் ஒத்துப்போவதாகப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும், அளவோ இடைவெளியோ மாறினால் திருத்திய அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடர வேண்டும். ‘கோப்பு என் உழைப்பு, தர மாட்டேன்’ என்று வரைந்தவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, வரைபடத்தின் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருக்கே. நீங்கள் கேட்பது கோப்பை அல்ல, நடப்பிலுள்ள எல்லாத் தாள்களின் பிடிஎஃப் பிரதியை.

சின்ன வீட்டுக்கு இவ்வளவு தேவையா என்று தோன்றலாம். சின்ன வீட்டுக்காரரிடம்தான் இரண்டாம் முறை கட்டப் பணம் இருக்காது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவையே என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறை ஏற்பட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். ஆணையத்தில் வாய்வார்த்தை எடுபடாது. எந்தத் தேதியில் எந்தத் தாள் யாரிடம் தரப்பட்டது என்பதற்கான கையெழுத்தே உங்கள் பக்கம் பேசும். ஒவ்வொரு கான்கிரீட்டுக்கு முன்பும் அதை வாங்கி வையுங்கள்.